பிடரியில் பூத்த ஆனைமிடுக்கு

கறவைக்குளத்தில் மாசி மாதம் இரண்டாவது புதன்கிழமை காலை, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள் இன்னும் டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருக்காத நேரத்தில், ஆவுடையப்பன் முடி வெட்டிக்கொள்ளச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபோது, அவன் பிடரியில், முதுகெலும்பின் முதல் கணுவுக்கு மேலே, இரண்டு இலை விட்டு ஒரு கொடி துளிர்த்திருந்தது. வயலில் ஒட்டிக்கொண்டு வந்த தூசி என்று நினைத்துச் சலூன்காரர் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆவுடையப்பன் வலி தாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"அண்ணாச்சி, கொடி மொளைச்சிருக்கு. வெட்டவா, விடவா?" என்று கேட்டார் சலூன்காரர், மீசையை ஒதுக்கவா என்று கேட்கும் அதே குரலில்.

"வெட்டிரும்" என்றான் ஆவுடையப்பன். அவர் வெட்டினார். மறுநாள் விடியும்போது நான்கு இலையோடு திரும்ப வந்திருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் மேலத்தெருவில் பதினேழு பேருக்கும், கோயில் தெருவில் பதினொரு பேருக்கும், சொசைட்டித் தலைவருக்கும், அவருடைய இரண்டு தம்பிகளுக்கும், புதுமாப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிடரியில் கொடி வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே இலை, வெற்றிலையைவிடச் சிறியது, நரம்பு மட்டும் வெள்ளை. மலையில் அதை ஆனைமிடுக்கு என்பார்கள்.

பேராச்சிக்கு இந்தச் செய்தி வைத்தியர் திரவியலிங்கம் வீட்டு மருந்து அடுக்களையில் வந்து சேர்ந்தது. அவள் அங்கே அண்டா கழுவுகிறவள். ஆவுடையப்பன் என்ற பேரைக் கேட்டதும் கையில் இருந்த தேங்காய் நார் நின்றது. அவன் அவளுக்கு ஏழு வருஷம் புருஷனாக இருந்தவன்.

அந்த ஏழு வருஷத்தில் அவள் அரசமரத்தை ஈரச்சேலையோடு சுற்றியிருக்கிறாள், வெறும் தரையில் கொட்டிய மண்சோற்றைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்துத் தின்றிருக்கிறாள், அரைத்த வேப்பங்கொழுந்தைக் குடித்துக் குடித்து நாக்கில் ருசி செத்துப்போயிருக்கிறாள், யார் வீட்டு வளைகாப்புக்கும் கூப்பிடாத ஊரில் வளைகாப்புக்கு வாங்கிய வளையல்களின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சாணி தட்டியிருக்கிறாள். எட்டாம் வருஷத்து ஆடியில் மாமியார் சிவனம்மா ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரைக் கூட்டி உட்காரவைத்து, "மலடிய வச்சிக்கிட்டு எத்தனை காலத்துக்கு நாங்க விளக்கேத்த" என்று கேட்டாள். பெரியவர்கள் கல்யாண உறவைத் தீர்த்துவிட்டார்கள். ஆவுடையப்பன் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லேகியச் சட்டியை வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தான். பேராச்சி எதை மறந்தாலும் அந்த விரலை மறக்கவில்லை.

அந்தச் சட்டியை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அப்பாதான். கறவைக்குளத்தில் அது வழக்கம். நிச்சயம் முடிந்ததும் பெண்வீட்டார் மாப்பிள்ளைக்கு ஒரு மண்டலத்துக்கான லேகியம் சீராகக் கொடுக்க வேண்டும், அதற்கு மாப்பிள்ளைச் சட்டி என்று பேர், நாற்பத்தெட்டு நாள் அதைத் தின்று உடம்பை முறுக்கேற்றிக்கொண்டுதான் மாப்பிள்ளை மணவறைக்கு வருவான். கல்யாணத்துக்குப் பிறகும் குழந்தை தள்ளிப்போனால் இன்னொரு சட்டி. இன்னும் தள்ளிப்போனால் இன்னும் ஒன்று. வாங்க வக்கில்லாதவர்கள் கீழத்தெருவில் இருந்தார்கள், அவர்கள் வீட்டில்தான் தூளி கட்ட உத்தரத்தில் இடமில்லாமல் பிள்ளைகள் இருந்தன. இல்லாதவன் வீட்டில்தான் சாமி கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று மேலத்தெருக்காரர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த சட்டிக்குச் சொல்லிவிடுவார்கள்.

கொடி வந்த வாரம் ஊர் கொஞ்சம் ஆடித்தான் போயிற்று. ஆனால் திரவியலிங்கம் வைத்தியர் அதை ஒரே பேச்சில் சரிசெய்துவிட்டார். தலைக்குத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிய, மார்பில் சந்தனம் காய, வாசலில் கூடிய ஆண்களைப் பார்த்துச் சொன்னார்.

"இதுல பயப்பட என்ன இருக்கு? சத்து உள்ள நெறைஞ்சு, இடம் பத்தாம வெளிய வழியுது. எங்க அப்பா காலத்துல இப்படி ஒருத்தருக்காவது வந்துச்சா? மருந்து அப்படி. கொடி நீளமா இருக்கவனுக்குத் தெம்பு நீளம், அவ்வளவுதான்."

அவ்வளவுதான், ஆண்களுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுவரை துண்டைப் போட்டு மறைத்தவர்கள் துண்டை எடுத்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார்கள். தையல்காரர் காலருக்குக் கீழே பொத்தான் துளை மாதிரி ஒரு வழி வைத்துச் சட்டை தைத்தார். காலையில் பெண்டாட்டிமார் புருஷனை முன்னால் உட்காரவைத்துக் கொடியைச் சிக்கெடுத்து எண்ணெய் தடவிச் சுருட்டிவிட வேண்டும் என்று ஆயிற்று. சிவனம்மா அந்த வேலையைப் புது மருமகளிடம் விடாமல் தானே செய்தாள். ஸ்டுடியோக்காரர் ஆட்களைத் திருப்பி நிற்கவைத்து முதுகுப்பக்கம் படம் எடுக்கத் தொடங்கினார். பஸ்ஸில் பின்சீட்டில் இருந்தவர்கள் மூக்கில் இலை படுகிறது என்று சண்டை போட்டார்கள். ஆடுகள் மட்டும் மரியாதை தெரியாமல் டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களின் பிடரியைக் கடித்தன. பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்குக் கொடி எத்தனை முழம் என்று கேட்டார்கள், இல்லாதவன் திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கொடியை வாங்கிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு போனான், அப்படிப் போன ஒருவனுக்குப் பெண்ணும் கிடைத்தது.

பங்குனியில் கொடிகள் பூத்தன. ஊதாப் பூ, விரல்நுனி அளவு. வாசனை மட்டும் மல்லிகையும் இல்லை, முல்லையும் இல்லை, அடிப்பிடித்த பாலின் வாசனை. காலையில் விரிந்து சாயங்காலம் உதிர்ந்துவிடும், ஒன்றில்கூடப் பிஞ்சு பிடிக்கவில்லை. அதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. பேராச்சி கவனித்தாள், ஏனென்றால் அவளுக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

ஆனைமிடுக்குக் கிழங்கு சும்மா தின்கிற பண்டம் இல்லை. நஞ்சு உள்ளது. தோல் சீவி, வில்லை போட்டு, துணியில் கிழியாகக் கட்டி, பாலில் மூழ்கத் தொங்கவிட்டு வேகவைக்க வேண்டும். நஞ்சு பாலில் இறங்கும். அந்தப் பாலைக் கொட்டிவிட்டுப் புதுப் பால் ஊற்றி மறுபடி, அதையும் கொட்டிவிட்டு மூன்றாம் தடவை. சுத்தி என்பார்கள். வைத்தியரின் அப்பா இருந்தவரை கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி, நாய்கூட நக்காதபடி அந்தப் பாலைக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடுவார். அப்போது லேகியம் வாயில் வைக்க முடியாத கசப்பு, மாப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்கள், ஆனால் பத்தாம் மாசம் வீட்டில் தொட்டில் ஆடும். ஊர்க்காரர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. சிந்திய பாலைக்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர், ஒரு சொட்டு அடுப்பில் பொங்கி வழிந்தால் அன்றைக்கு முழுதும் முகம் சுண்டிப்போகிற ஊர், அண்டா அண்டாவாகப் பாலைக் குழியில் கொட்டுவதை எப்படிப் பொறுக்கும்? அப்பா செத்ததும் திரவியலிங்கம் குழியைத் தூர்த்தார். மூன்று தடவை இறக்கிய பாலையும் ஒன்றாக ஊற்றிச் சுண்டக் காய்ச்சி, கருப்பட்டி போட்டுத் திரட்டி, லேகியத்திலேயே சேர்த்துக் கிண்டச் சொன்னார். லேகியம் பால்கோவா மாதிரி ஆயிற்று. மகராசன், ஒரு சொட்டு வீணாக்கவில்லை என்று ஊரே வாயாரப் புகழ்ந்தது. அது நடந்து பதினைந்து வருஷம்.

இதெல்லாம் பேராச்சிக்குத் தெரியவந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. அண்ணன் வீட்டில் ஒதுங்கி இருந்தவளைப் பிள்ளைகுட்டித் தொல்லை இல்லாதவள் என்று வைத்தியர் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட புதிது. மலையிலிருந்து கிழங்கு கொண்டுவருகிறவர் ஒரு மதியம் மூட்டையை இறக்கிவிட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"பாலைக் கொட்டுற குழியை இன்னுமா வெட்டலை? பாலை என்னம்மா செய்தீக?"

"அதுவும் மருந்துலதான் இருக்கு."

அவர் இறக்கிவைத்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். "அதுலதானம்மா அவ்வளவும் இருக்கு" என்றார் பிறகு. "எங்க பக்கத்துல பிள்ளை போதும்னு நெனைக்கிற ஆம்பளை அந்தப் பாலைத்தான் ஒரு மண்டலம் குடிப்பான். அதுக்கப்புறம் அவன் வீட்டுல பிள்ளை பொறக்காது. கிழங்கு மேல குத்தமில்ல, சுத்தி பண்ணா அது நல்ல மருந்து. நான் போன வருசமே அய்யாகிட்ட சொன்னேனே. சரி சரின்னு அனுப்பி வச்சாரே."

அன்றைக்குப் பேராச்சி அண்டாவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பா கடன்பட்டு வாங்கி, மஞ்சள் பூசி, தலையில் வைத்துச் சுமந்து வந்து கொடுத்த சட்டி அது. தின்றவன் அவன், மண்சோறு தின்றவள் அவள். வைத்தியர் தன் மூத்த மகன் கல்யாணத்துக்கு மட்டும் வீட்டுச் சட்டியைத் தொடாமல் வெளியூரிலிருந்து பாதாம் அல்வா வரவழைத்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணன் பெண்டாட்டியிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒனக்குப் பொறக்கலைன்னதும் ஊருக்கே பொறக்காதுன்னு சொல்லுதியாக்கும்" என்றாள் அண்ணன் பெண்டாட்டி.

அதோடு பேராச்சி வாயை மூடிக்கொண்டாள். மலடி வாயிலிருந்து வருகிற எதுவும் பொறாமை என்றுதான் இந்த ஊரில் எடுபடும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அண்டா கழுவினாள். இப்போது அவர்கள் பிடரியிலேயே அது முளைத்து, அவர்களே அதற்கு எண்ணெய் தடவி, ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். வளரட்டும், நன்றாக வளரட்டும், ஒருவனும் மறைக்க முடியாத நீளத்துக்கு வளரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, கொல்லைவாசலில் கனகமணி வந்து நின்றாள். ஆவுடையப்பனின் இரண்டாம் பெண்டாட்டி, இருபத்து மூன்று வயசு, கல்யாணமாகி மூன்று வருஷம். அடுத்த சட்டி வாங்க வந்திருந்தாள். முட்டிப் பக்கம் சேலையில், மண்சோறு தின்ன மண்டியிட்ட மண் இன்னும் ஒட்டியிருந்தது. இவள் அழுகிற நாளைப் பார்க்க வேண்டும் என்று பேராச்சி எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள், பொய் சொல்வானேன். ஆனால் கனகமணி வாயைத் திறந்ததும் ஒத்திகை எல்லாம் எங்கோ போயிற்று.

"சித்திரையில கோயில் கொடை வரைக்கும் தவணையாம், அக்கா. அதுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா என் பொட்டியக் கட்டிருவாகளாம். ஒன்னய அனுப்பும்போது நீ என்ன செய்த?"

"நான் ஒண்ணும் செய்யல" என்றாள் பேராச்சி. "அதான் தப்பு."

அவளை உள்ளே கூப்பிட்டுப் பாலைக் காட்டினாள், கிழியைக் காட்டினாள், தூர்த்த குழியைக் காட்டினாள். மலைக்காரர் சொன்னதைச் சொன்னாள். கனகமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முட்டியில் இருந்த மண்ணைத் துடைத்தாள்.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"கொடை அன்னைக்கு மதியம், சட்டி வாங்குன வீட்டுப் பொம்பளைக அத்தனை பேரையும் கோயில் முன்னால கொண்டுவந்து நிறுத்து. காரணம் கேட்டா, புருசன் கொடிக்குத் திருஷ்டி கழிக்கன்னு சொல்லு. உடனே வருவாளுக."

உச்சிமாகாளி கோயில் கொடைத் திருவிழா அந்த வருஷம் மாதிரி என்றும் நடந்ததில்லை. சுத்துப்பட்டு ஊர்ச் சம்பந்தக்காரர்கள் எல்லாம் கொடி பார்க்கவே வந்திருந்தார்கள். மதியக் கொடைக்கு மேளம் முழங்க, கறவைக்குளத்து ஆண்கள் சட்டை இல்லாமல், கொடியை முதுகில் தொங்கவிட்டு, ஊதாப் பூக்களுக்கு நடுவே மல்லிகைச் சரம் சுற்றி, நெஞ்சை நிமிர்த்தி வரிசையாக வந்தார்கள். ஆவுடையப்பன் முதல் வரிசையில் இருந்தான், அவன் கொடி இடுப்பைத் தாண்டியிருந்தது. வைத்தியருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். மேளம் நின்றது. பூசாரி தீபத்தட்டை எடுக்கக் குனிந்தபோது, பேராச்சி ஒரு லேகியச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"கொடி உள்ளவுக எல்லாம் இப்படி வலது பக்கம் நில்லுங்க" என்றாள். "வீட்டுல பதினஞ்சு வயசுக்குள்ள பிள்ளை இருக்கவுக இடது பக்கம் நில்லுங்க. ரெண்டும் இருக்கவுக யாராவது இருந்தா நடுவுல, எம் பக்கத்துல வந்து நில்லுங்க. நான் அவுக கால்ல விழுதேன்."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள்தான் முதலில் அசைந்தார்கள். கீழத்தெருப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பிடரி வெறுமையான புருஷன்மாரை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். கனகமணி கூட்டி வந்த பெண்கள் தங்கள் புருஷன்மாரை வலது பக்கம் தள்ளினார்கள். கடைசியில் நடுவில் பேராச்சி மட்டும் தனியாக நின்றாள். வெயில் தரையில் கொதித்தது. சம்பந்தக்காரர்கள் வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"சத்து வழியுதுன்னு சொன்னாரே வைத்தியரய்யா, அது சத்து இல்ல. கொட்டவேண்டிய பாலைக் கொட்டாம உங்க வாயில ஊட்டுன வெசம். சொசைட்டிக் காளைக்கு எங்க அண்டா கழுவுன தண்ணியத்தான் ஒரு வருசம் வச்சீங்க. நாப்பது பசு சினை பிடிக்கல. என்ன செய்தீங்க? காளையை மாத்துனீங்க. ஒரு பசுவையாவது அரசமரம் சுத்தச் சொன்னீங்களா? ஒரு பசுவையாவது மண்ணுல போட்டுத் திங்கச் சொன்னீங்களா? மாட்டுக்குத் தெரிஞ்ச நியாயம் மனுசிக்கு ஏன் தெரியாமப் போச்சு?"

வைத்தியருக்குப் பரிவட்டம் நெற்றியில் இறங்கியிருந்தது. "பிள்ளை பெத்துப் பாக்காதவ பொறாமையில கொரைக்கிதா" என்றார். "பதினஞ்சு வருசமா ஊரே சாப்பிடுத மருந்து."

"அப்ப நீங்க ஒரு கரண்டி சாப்பிடுங்க. அம்மன் முன்னால."

"எனக்குச் சர்க்கரை இருக்கு."

கூட்டத்தில் ஒரு கிழவர் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். அதைக் கேட்டு வைத்தியரின் இளைய மகனுக்கு மூக்கு சிவந்தது. அடுத்த மாசம் கல்யாணம் நிச்சயமான பையன், அப்பாவை யாரும் ஒரு சொல் சொல்லப் பொறுக்காதவன். "எங்க அப்பாவுக்குப் பதிலா நான் திங்கேன், கொண்டா இங்க" என்று வந்து, கரண்டியைப் பிடுங்கி, சட்டியில் விட்டு அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான். திரவியலிங்கம் பாய்ந்து வந்து மகன் கையை ஓங்கித் தட்டினார். கரண்டி பலிபீடத்தில் பட்டுத் தெறித்தது. "வேண்டாம்லே" என்று அவர் கத்திய கத்தல் மேளமில்லாத அந்த வெயிலில் கடைசி வரிசைவரை கேட்டது.

அதற்குமேல் பேராச்சி பேசவேண்டி இருக்கவில்லை. அவரே சொல்லிவிட்டார்.

யாரும் அவரை அடிக்கவில்லை. பெண்கள் அவரவர் வீட்டுக்குப் போய், பரணில் இருந்ததும் அடுப்படியில் இருந்ததுமாகச் சட்டிகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கொல்லைக்கு வந்தார்கள். மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில், பரிவட்டத்தோடு, அப்பா வெட்டிய அதே இடத்தில் அவர் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டினார். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், தண்ணீர் கேட்டபோது கொடுத்தார்கள், நிறுத்த மட்டும் விடவில்லை. சட்டிகளை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டு உடைத்தார்கள். திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் செய்தி கேட்டு வந்து, ஆளுக்கு ஒன்று உடைத்துவிட்டுப் போனார்கள். பேராச்சி தன் சட்டியை உடைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஜீப்பில் வந்து அடுக்களையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஆண்கள் பெரியாஸ்பத்திரிக்கு இரண்டிரண்டு பேராகப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா விந்தணுக்களை எண்ணச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னாள்: மருந்தை நிறுத்திவிட்டு ஆறு மாசம் பொறுங்கள், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, யாருக்கு என்று இப்போது சொல்லமுடியாது, நாட்டு மருந்து என்றால் தீங்கில்லை என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள், எது செய்கிறவன் கையில் எப்படிப் பக்குவமாகிறது என்று கேளுங்கள். கொடியைப் பற்றிக் கேட்டதற்கு, அது எங்கள் பாடத்தில் இல்லை என்றாள்.

கொடி விழும் வழியை ஊர் தானாகத்தான் கண்டுபிடித்தது. வைகாசியில் கோயில் தெருவில் ஒருத்தி, ஐந்து வருஷத்துக்கு முன் துரத்தப்பட்டவள், புருஷன் வந்து வாசலில் நின்று அழுததைப் பார்த்து மனசு இளகி, "சரி, போகட்டும்" என்றாள். அந்த நிமிஷமே அவன் கொடி காய்ந்து சருகாகிக் காலடியில் விழுந்தது. அதற்குப் பிறகு கறவைக்குளத்து ஆண்கள் தெருத்தெருவாகப் போய் நின்றார்கள். சில பெண்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், பெண்களுக்குப் பாவம் பார்ப்பதே பிழைப்பு. சிலர் புருஷனை அரசமரம் சுற்றவிட்டுச் சொன்னார்கள். ஒருத்தி நாற்பத்தெட்டு நாளும் கரெக்டாக எண்ணி, நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் சொன்னாள். ஆடி முடியும்போது ஊரில் ஏழு கொடிகள்தான் மிச்சம், ஐப்பசியில் ஒன்றே ஒன்று.

அது ஆவுடையப்பனுடையது. கனகமணி வைகாசியிலேயே தன் பெட்டியைத் தானே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும்போது, "எம் பங்குக்குப் போகட்டும்" என்றாள். கொடியில் சரிபாதி காய்ந்து விழுந்தது. மற்ற பாதி இரண்டு மடங்காக வளர்ந்து கணுக்காலைத் தொட்டது. கட்டைவிரல் தடிமன். அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை, பஸ்ஸில் ஏற முடியவில்லை, நடக்கும்போது ஆடுகள் ஊர்வலமாகப் பின்னால் வந்தன.

பேராச்சி அப்போது சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் காலையில் அவள் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள், இப்போது முதல் பாலை அவள் கையால்தான் அளக்க வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த வரிசையை ஒதுக்கிக்கொண்டு சிவனம்மாவும், அன்றைக்குத் தீர்த்துவைத்த பெரியவர்கள் நான்கு பேரும், அவர்களுக்குப் பின்னால் கொடியை வேட்டி மாதிரி கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பனும் வந்தார்கள்.

"எம்மா பேராச்சி, நான் பேசினதெல்லாம் தப்புதான்" என்றாள் சிவனம்மா. "எம் மூஞ்சிக்காக வேண்டாம். எம் மவன் பாவம்."

"ஒரு வார்த்தைதானம்மா" என்றார் பெரியவர்களில் மூத்தவர். "நாங்க அன்னைக்குத் தெரியாமச் செஞ்சிட்டோம்."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்து நின்றான். "பேராச்சி, என்னால முடியல" என்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. பொய்யழுகை இல்லை, அவளுக்கே தெரிந்தது.

பேராச்சி குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். இளகிவிடுவோமோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கே பயமாக இருந்தது.

"சொல்லுதேன், உக்காருங்க" என்றாள்.

அவன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து பிடரியைக் காட்டினான். வரிசையில் நின்றவர்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"போகட்டும்" என்றாள் பேராச்சி.

கொடி அசையவில்லை.

"இன்னொரு தடவை சொல்லும்மா, நல்லா வாயைத் திறந்து" என்றார் பெரியவர். அவள் நன்றாக வாயைத் திறந்து, தெரு முனைக்குக் கேட்கும்படி, "போகட்டும்" என்றாள். ஓர் இலை திரும்பிக்கொண்டது, அவ்வளவே. மூன்றாம் தடவை சொன்னபோது கணுவில் ஒரு மொட்டு வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் விரிந்தது. அடிப்பிடித்த பாலின் வாசனை சொசைட்டி முழுக்கப் பரவியது.

"பாத்தியளா, வாய் சொல்லுது" என்றாள் பேராச்சி பெரியவர்களிடம். "வயிறு கேக்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

"மனசு வச்சுச் சொல்லு, பேராச்சி" என்றான் ஆவுடையப்பன், குனிந்த தலையை நிமிர்த்தாமலே. "ஒரே ஒரு தடவை. மனசு வச்சு."

அவள் அவன் கையைப் பார்த்தாள். அந்த விரல் தரையில் ஊன்றியிருந்தது. கொஞ்சம் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி, ஏழு வருஷமும் அதற்கப்புறம் போன வருஷங்களும் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து ஏற, மனசு முழுவதையும் வைத்துச் சொன்னாள்.

"வளரட்டும்."

கொடி அதைக் கேட்டுக்கொண்டது. அவன் தோளைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, சொசைட்டி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடிற்று. பேராச்சி நிமிர்ந்து, குவளையை எடுத்து, வரிசையில் அடுத்து யார் என்று கேட்டாள்.